எவர்சில்வர் துருப்பிடிக்காது

மார்ச் 3, செவ்வாய்

இன்று என்னை நீச்சல் கூடத்திலிருந்து வெளியே அனுப்பிவிட்டார்கள். நான் செய்த குற்றம், கூரையைப் பார்த்தது.

இதை இன்றே எழுதி வைக்கிறேன். நாளைக்கு ஆளுக்கொரு கதை சொல்வார்கள்.

நான் மல்லாந்து மிதக்கிறவள். மற்றவர்கள் தலையைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய் வருவார்கள். எனக்கு அது வராது. ஐம்பது தாண்டிய பிறகு, யாரும் சொல்லித் தராமல், ஆழமில்லாத பக்கத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நானாகப் பழகியது மிதப்பது ஒன்றுதான். அங்கே எனக்குப் பெயரே ‘மிதவை’. ஆக, அந்தக் கட்டடத்தில் தினமும் மேலே பார்க்கிற ஒரே ஆள் நான்.

போன வாரம் மிதக்கும்போது நெற்றியில் ஏதோ விழுந்தது. நகம் அளவு பழுப்புச் செதில். கையில் வைத்து நசுக்கினால் பொடியாகிறது. இரும்புத் துரு. முப்பது வருஷம் பாத்திரக்கடை நடத்தியவளுக்குத் துரு எது, அழுக்கு எது என்று தெரியாதா? மேனேஜரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். தூசி என்றார். கூரையைப் போன மாதம்தான் ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனதாகச் சொன்னார்.

உடை மாற்றும் அறையில் சாவி கொடுக்கிற அம்மாவைக் கேட்டேன். அவள் சிரித்தாள். வந்த ஆள் பார்வையாளர் கேலரியில் நின்று அண்ணாந்து பார்த்தாராம். டீ குடித்தாராம். எல்லாம் நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டுப் போனாராம். ஏணி கூடப் போடவில்லை.

இதை நான் உடை மாற்ற வந்த பெண்களிடம் சொன்னேன். ஆமாம், சொன்னேன். ரகசியமா இது? சிலர் தண்ணீரில் இறங்காமலேயே வீட்டுக்குப் போனார்கள். அதுதான் மேனேஜருக்குப் பொறுக்கவில்லை. “பீதி கிளப்புறீங்க” என்றார். உறுப்பினர் அட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். எல்லோர் முன்னாலும்.

என் மருமகள் அங்கேதான் இருந்தாள். அவள் அங்கே பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கிறாள். ஒரு வார்த்தை பேசவில்லை. மிதவைப் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே அடுக்கி இருந்த பலகைகள்.

மார்ச் 4, புதன்

வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. மகன் வேலைக்காக வெளியூரில் இருப்பது நல்லதாயிற்று. இருந்திருந்தால் அவனையும் நடுவில் நிறுத்தி ஆளுக்கொரு பக்கம் இழுத்திருப்போம்.

சாயங்காலம் மருமகளே வாயைத் திறந்தாள். தான் வேலை பார்க்கிற இடம் அது என்றாள். நான் கிளப்பிவிட்டதால் மூன்று தாய்மார்கள் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்களாம். இந்த மாதம் 21ஆம் தேதி பிள்ளைகளுக்குப் போட்டி, கேலரி நிரம்ப ஆள் வரும், இந்த நேரத்திலா என்று கேட்டாள்.

இந்த நேரத்தில்தான் என்றேன்.

வீட்டுக்காரர் காது கேட்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு பேப்பர் படித்தார். அவருக்கு ஒரு காது மட்டும்தான் மந்தம். எந்தக் காது என்பதை அவ்வப்போது மாற்றிக்கொள்வார்.

மார்ச் 5, வியாழன்

கூடத்து வாசலில் போய் நின்றேன். உள்ளே விடவில்லை. நாளைக்கும் போவேன்.

மார்ச் 6, வெள்ளி

நின்றேன்.

மார்ச் 9, திங்கள்

இன்று நடந்ததை எழுதக் கையே வரவில்லை. ஆனாலும் எழுதுவேன்.

வாசலில் என்னைத் தினமும் பார்த்துப் பார்த்து மேனேஜருக்கே அலுத்துவிட்டது போலிருக்கிறது. “வாங்க மேடம், நீங்களே வந்து பாத்துடுங்க, உங்க மனசும் ஆறட்டும்” என்று கூட்டிக்கொண்டு போனார். தண்ணீரைச் சுத்தம் செய்யும் மோட்டார் அறைக்குப் பின்னால் சுவரோடு ஒரு இரும்பு ஏணி. அதன் உச்சியில் ஒரு சின்னக் கதவு. அவர் முன்னே, நான் பின்னே. என் முழங்கால்கள் ஒவ்வொரு படிக்கும் வழக்காடின.

கதவைத் திறந்ததும் ஒரு வாடை. குளோரின் நெடியும் வெந்நீர் ஆவியும் சேர்ந்து, மூடி வைத்த பாத்திரத்தைத் திறந்தது போல. டார்ச் அடித்துக் காட்டினார். மேலே பெரிய பெரிய இரும்புச் சட்டங்கள், முக்கோணம் முக்கோணமாக, சாம்பல் பெயிண்ட் அடித்து. அவைதான் கூரையைத் தாங்குகின்றன. இரண்டு மூன்று இடங்களில் பெயிண்ட் உரிந்து பழுப்பாக இருந்தது, அவ்வளவுதான். நான் நினைத்தது போல அரித்துப் போயிருக்கவில்லை. என் நெற்றியில் விழுந்தது அந்தப் பழுப்பில் ஒரு துண்டுதான்.

நாம் கீழே இருந்து பார்க்கும் வெள்ளைக் கூரை, கூரையே இல்லை. அது கனமான சிமெண்டுப் பலகைகள். அந்த இரும்புச் சட்டங்களிலிருந்து மெல்லிய கம்பிகளால் தொங்கவிடப்பட்டிருக்கின்றன. குளம் முழுக்க, கேலரி முழுக்க. பலகைகளுக்கு நடுவே இடுக்குகள்; துரு அதன் வழியாகத்தான் என்மேல் விழுந்திருக்கிறது. கம்பிகள் வரிசை வரிசையாக டார்ச் வெளிச்சத்தில் மினுங்கின. இங்கே அங்கே டீக்கறை மாதிரி ஒரு மங்கல்.

அவர் ஒரு கம்பியை விரலால் சுண்டினார்.

“இது என்னன்னு தெரியுதா மேடம்? எவர்சில்வர். இதையே வித்து வாழ்ந்தவங்க நீங்க. நீங்களே சொல்லுங்க, எவர்சில்வர் துருப்பிடிக்குமா?”

என்ன சொல்வது? கடைக்கு வந்த ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் நானே சொன்ன வார்த்தை அது. துருவே பிடிக்காதும்மா, நான் கேரண்டி. பெயரிலேயே இருக்கிறதே, எவர்.

இறங்கி வந்தேன். அவர் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். அதுதான் அதிகம் வலித்தது.

மார்ச் 10, செவ்வாய்

வாசலுக்குப் போகவில்லை.

மருமகள் எனக்கு மட்டும் தனியாகக் காபி போட்டு மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். அதில் ஒரு இரக்கம் தெரிந்தது. இரக்கத்தை நான் குடிக்க மாட்டேன். ஆறிப்போனது.

மார்ச் 11, புதன்

கிடைத்துவிட்டது!

வீட்டுக்காரர் மாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ ப்ளீச்சிங் பவுடர் எடுத்தார். எடுத்தவர் சமையலறை வரைக்கும் வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டே வந்தார். நான் கத்தினேன். அவர் டப்பாவைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார். அடியில் ஊசியால் குத்தினது போலப் பொட்டுப் பொட்டாக ஓட்டை. ஓட்டையைச் சுற்றிப் பழுப்பு வளையம்.

எவர்சில்வர் டப்பா. நம் கடை டப்பா. அடியில் கடைப்பெயர் பொறித்திருக்கிறது, அந்தப் பெயரின் நடுவிலேயே ஒரு ஓட்டை.

“கேரண்டி யாரு குடுத்தது?” என்றார் அவர். வாழ்க்கையில் முதல்முறையாக அவருடைய கிண்டலுக்கு நான் கோபப்படவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ப்ளீச்சிங் பவுடரில் இருப்பது குளோரின். குளத்தில் கொட்டுவது குளோரின். அந்தச் சின்னக் கதவைத் திறந்ததும் மூக்கில் ஏறியது குளோரின்.

கடைக்கு உப்பு டப்பாவைத் திருப்பிக் கொண்டுவந்து சண்டை போடுவார்களே, இதே மாதிரி ஓட்டைகளோடு — “நீங்க சரியா கழுவி வைக்கல” என்று எத்தனை பேரை விரட்டியிருப்பேன்! கடையை மூடியதே நல்லது. இப்போது திறந்திருந்தால் எல்லோரும் வரிசையில் வந்து நிற்பார்கள்.

மார்ச் 12, வியாழன்

டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு கட்டடப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போனேன். இன்ஜினியர் ஒரு பெண். நாற்பது வயது இருக்கும். சாப்பாட்டு நேரம். ஒரு கையில் சாப்பாட்டுக் கரண்டி, மறு கையில் என் டப்பா. திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் பேசப் பேசச் சும்மா கேட்டாள். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“அந்தக் கம்பிங்கள யாராவது எப்பவாவது கழுவுறாங்களாம்மா?”

கூரைக்கு மேலே போய் யார் கழுவுவார்கள் என்றேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

அவள் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். குளத்தோரத்துக் கைப்பிடியும் எவர்சில்வர்தான். அதன்மேல் தினமும் தண்ணீர் படுகிறது, துடைக்கிறார்கள், ஒன்றும் ஆவதில்லை. மேலே அப்படி இல்லை. ஆவி போய்ப் படிகிறது, காய்கிறது, மறுபடி படிகிறது. கம்பியோ எந்நேரமும் பாரம் தாங்கி இழுபட்டு நிற்கிறது. அப்படி நிற்கும் எவர்சில்வருக்குள் மயிரிழை மாதிரி விரிசல் ஓடும். “இரும்பு கெட்டுப்போனா ஊருக்கே தெரியும்மா. வீங்கும், உதிரும். இது வெளிய பளபளன்னே இருக்கும். ஒரு நாள் பட்டுனு போயிடும்.” ஒரு கம்பி போனால் அதன் பாரம் பக்கத்துக் கம்பிக்கு. அது போனால் அதற்கடுத்தது.

அப்படியானால் உடனே வா என்றேன். அங்கேதான் இடித்தது. வெளியாள் கொடுக்கும் புகாரை வரிசைப்படிதான் எடுப்பார்களாம். அடுத்த மாதம் ஆகும். அங்கேயே வேலை பார்க்கிறவர், என் வேலை இடம் ஆபத்தாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டால் மட்டும் உடனே வந்தாக வேண்டும், மேனேஜரும் தடுக்க முடியாது.

அங்கே வேலை பார்க்கிறவர். எனக்குத் தெரிந்து இரண்டே பேர். சாவிக்கார அம்மாவுக்கு அந்தச் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. இன்னொருத்தி என் வீட்டில் இருக்கிறாள்.

மார்ச் 13, வெள்ளி

கேட்டேன். கெஞ்சவில்லை, கேட்டேன். டப்பாவை அவள் முன்னால் வைத்து, இன்ஜினியர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

“போன வாரம் இரும்புன்னீங்க. இப்ப எவர்சில்வர்ங்கறீங்க. அடுத்த வாரம் தண்ணியே சரியில்லம்பீங்களா அத்தை?”

இரும்பைப் பற்றி நான் சொன்னது தப்பு என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் காதில் விழாத வாக்கியம் அது. ஆனாலும் மசியவில்லை.

“இந்த வீட்டுல உங்களுக்குத் தப்புன்னு பட்டா அது தப்பு. சரி, வீட்டோட போகட்டும்னு விட்டேன். அந்த வேலை எனக்குன்னு இருக்கிற ஒண்ணே ஒண்ணு. அங்கயும் வந்து நிக்கறீங்க.”

பொய் சொல்லவில்லை அவள். அதற்காகக் கம்பியில் விரிசல் இல்லை என்றாகிவிடுமா?

சொன்னேன்: “என்னை நம்ப வேண்டாம். தண்ணியில இருக்கும்போது ஒரு தடவ மேல பாரு. அது போதும்.”

“நான் பிள்ளைங்களப் பாக்கணும் அத்தை. மேல பாத்தா கீழ ஒண்ணு முழுகிடும்.”

எழுந்து போய்விட்டாள். அதுவும் உண்மைதான். சனியன், எல்லாம் உண்மையாகவே பேசுகிறாள்.

மார்ச் 14, சனி

டப்பா மேசையிலேயே இருக்கிறது. யாரும் எடுக்கவில்லை.

மார்ச் 16, திங்கள்

எங்கிருந்து ஆரம்பிப்பது!

மருமகள் வழக்கமான நேரத்துக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டாள். தலை ஈரம் காயவில்லை. நேரே மாமனாரிடம் போய் உட்கார்ந்து சொன்னாள். என்னிடம் இல்லை. நான் சமையலறையில் பாத்திரம் கழுவுகிற சாக்கில், குழாயைத் திறக்காமல் நின்று கேட்டேன்.

வகுப்பு தொடங்குவதற்கு முன்னால், பிள்ளைகள் எல்லாம் கரையில் உட்கார்ந்திருந்தபோது, அவள் தண்ணீரில் இறங்கி மல்லாந்து படுத்தாளாம். எத்தனையோ வருஷமாக அந்தக் குளத்தில் வேலை, அந்தக் கூரையை ஒரு நாளும் ஒழுங்காகப் பார்த்ததில்லை என்றாள். ஆழமான பக்கத்துக்கு நேர் மேலே ஒரு பலகை, பக்கத்துப் பலகையைவிட விரல் கனம் கீழே இறங்கியிருந்ததாம். முதலில் கண்ணில் தண்ணீர் போயிருக்கும் என்று நினைத்தாளாம். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாளாம்.

“அப்புறம் என்ன பண்ணே?” என்றார் அவர். அப்போது மட்டும் இரண்டு காதும் நன்றாகக் கேட்டது.

“விசில் ஊதினேன் மாமா. எல்லாரையும் எழுப்பி வெளிய நடைபாதைக்குக் கூட்டிட்டுப் போனேன். கேலரியில உக்கார வைக்கலாம்னாரு மேனேஜர். கேலரிக்கு மேலயும் அதே கூரைதான்னு சொன்னேன். இன்னைக்கு வகுப்பு இல்ல, மேல பாக்கற வரைக்கும் என்னைக்கும் இல்லன்னு சொல்லிட்டு, நேரா அந்த ஆபீசுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுட்டு வரேன்.”

வேலை போய்விடுமா என்று கேட்டார். போனால் போகட்டும் என்றாள்.

நான் குழாயைத் திறந்தேன். வேண்டுமென்றே பெரிதாகத் திறந்தேன். அழுதால் கேட்கக் கூடாதே.

மார்ச் 18, புதன்

வெற்றி என்று எழுதினால் இன்ஜினியருக்குப் பிடிக்காது. எழுதுகிறேன். வெற்றி!

காலையிலேயே வந்துவிட்டாள், இரண்டு ஆட்களும் சாரமும் சகிதம். குளத்துக்குள் யாரையும் விடவில்லை. நானும் மருமகளும் மேனேஜரும் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றோம். மேனேஜர் என்னைப் பார்த்து, இன்றைக்கு முடிவு தெரிந்ததும் வாசலில் நிற்பதை விட்டுவிடுவீர்கள்தானே என்று கேட்டார். முடிவைப் பொறுத்தது என்றேன்.

முதலில் இரும்புச் சட்டங்களைப் பார்த்தாள். பெயிண்ட் உரிந்த இடத்தைச் சுரண்டி, கனம் பார்க்கும் கருவியை வைத்து வைத்து எடுத்தாள். எல்லாம் திடம். சுத்தம் செய்து பெயிண்ட் அடித்தால் போதும் என்று மேலிருந்தே குரல் கொடுத்தாள். மேனேஜர் என் பக்கம் திரும்பினார். நான் திரும்பவில்லை.

பிறகு தொங்கிய பலகைக்கு முட்டுக் கொடுத்து நிறுத்தி, அதன் கம்பியைக் கழற்றிக் கீழே கொண்டுவந்தாள். கதவுக்கு வெளியே மேசை போட்டு, எங்கள் கண்ணெதிரே செய்தாள். கம்பியைத் துடைத்தாள். பளபளவென்று இருந்தது. கடையில் வைத்தால் நானே விற்றிருப்பேன். அதன்மேல் சிவப்புச் சாயம் தெளித்தாள். கொஞ்ச நேரம் விட்டு, சாயத்தை முழுக்கத் துடைத்தாள். மறுபடி பளபள. அதற்குமேல் வெள்ளையாக ஒரு மருந்து தெளித்தாள். கம்பி சுண்ணாம்பு பூசினது போல வெளுத்தது. காத்திருந்தோம்.

வெள்ளைக்குள்ளிருந்து சிவப்பு வந்தது.

முதலில் ஒரு கோடு. பிறகு அதிலிருந்து கிளைகள். வேர் ஓடுவது போலக் கம்பியைச் சுற்றிச் சுற்றி ஓடியது. விரிசலுக்குள் போய் ஒளிந்திருந்த சாயம் வெளியே வருகிறது என்றாள் இன்ஜினியர். அவள் இரண்டு கையாலும் பிடித்து லேசாக வளைத்தாள். காய்ந்த குச்சி போல ஒடிந்தது.

அடுத்தடுத்துக் கொண்டுவந்த கம்பிகளில் பாதிக்கு மேல் இதே கதை.

மேனேஜர் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அவருடைய மகளும் இதே குளத்தில்தான் நீந்துகிறாளாம். எனக்கு அது தெரியாது. “எவர்சில்வர்னுதானே நினைச்சேன்” என்று மட்டும் சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. இன்னொரு நாள் சொல்லிக்கொள்ளலாம், இன்றைக்கு என்ன அவசரம்?

கூடத்தை அப்போதே பூட்டி முத்திரை வைத்துவிட்டார்கள். பிள்ளைகளின் போட்டி வேறு இடத்துக்கு, வேறு தேதிக்கு.

வரும் வழியில் மருமகள் சொன்னாள்: “அடுத்த தடவ எதுன்னாலும் ஊருக்குச் சொல்றதுக்கு முன்னாடி எனக்குச் சொல்லுங்க அத்தை.”

“நீ அன்னைக்கு மிதவைப் பலகை அடுக்கிட்டிருந்தே.”

கொஞ்ச தூரம் நடந்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். தெருவில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு. எனக்கும் தொற்றிக்கொண்டது. பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

மார்ச் 20, வெள்ளி

மேனேஜர் வீட்டுக்கு வந்தார், என் அட்டையோடு. வீட்டுக்காரர் அவருக்குத் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார். நான் அட்டையை வாங்கவில்லை. நீச்சல் கூடத்தில், எல்லோர் முன்னாலும் எடுத்தது. அங்கேயே, எல்லோர் முன்னாலும் வரட்டும் என்றேன்.

“கூடமே பூட்டியிருக்கு மேடம்.”

திறக்கும்போது கொடுங்கள், எனக்கு ஒன்றும் அவசரமில்லை என்றேன்.

மருமகள் உள்ளே போய்விட்டாள். சிரிப்பதற்குத்தான்.

மார்ச் 25, புதன்

மருமகளுக்கு வேலை போகவில்லை. கூடத்துப் பாதுகாப்பையும் இனி அவள்தான் பார்க்க வேண்டுமாம். வீட்டில் கொஞ்சம் அதிகாரமாக நடக்கிறாள். பார்க்கலாம், எத்தனை நாளைக்கு என்று.

ஏப்ரல் 6, திங்கள்

பலகைகளையெல்லாம் பத்திரமாக இறக்கிவிட்டார்கள். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. இன்று எல்லோரும் உட்கார்ந்து பேசினோம் — இன்ஜினியர், மேனேஜர், மருமகள், சாவிக்கார அம்மா, நான். யார் என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லச் சொல்ல, மேனேஜர் மறுபேச்சில்லாமல் கேட்டுக்கொண்டார். மறந்துவிடாமல் இங்கேயும் எழுதிவைக்கிறேன்.

மேனேஜர்: பழைய கம்பிகள் அத்தனையையும் மாற்ற வேண்டும். புதியவை இன்ஜினியர் சொல்லும் உலோகத்தில். பளபளப்பைப் பார்த்து வாங்கக் கூடாது. பலகைகளும் கனம் குறைந்ததாக இருக்க வேண்டும்.

பெயிண்டர்: இரும்புச் சட்டங்களில் உரிந்த இடங்களை வெறும் இரும்பு தெரியும்வரை சுரண்டிவிட்டுத்தான் பூச வேண்டும். துருவுக்கு மேலேயே பூசினால் அவரை ஏணியிலிருந்து நான் இறக்குவேன்.

இன்ஜினியர்: வருஷத்துக்கு ஒரு முறை மேலே ஏறிப் பார்க்க வேண்டும். கேலரியில் நின்று பார்த்தால் பார்த்த கணக்கில் சேராது. டீ, இறங்கி வந்த பிறகு.

சாவிக்கார அம்மா: ஏணிக் கதவின் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டும். யார் ஏறினார்கள், யார் ஏறாமலே போனார்கள் என்று மருமகளிடம் சொல்ல வேண்டும்.

வீட்டுக்காரர்: ப்ளீச்சிங் பவுடரைப் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்ற வேண்டும்.

மருமகளும் நானும்: ஊரின் மறுகோடியில் இன்னொரு நீச்சல் குளம் இருக்கிறது. நம் கூடத்துக் கூரையைத் தொங்கவிட்ட அதே ஒப்பந்தக்காரர்தான் அங்கேயும் தொங்கவிட்டார் என்று இன்ஜினியர் சொன்னாள். நாளைக் காலையில் இருவரும் போக வேண்டும். உள்ளே விட மாட்டார்கள். முதலில் அவள் மரியாதையாகப் பேச வேண்டும். அது முடிந்ததும் நான் பேச வேண்டும்.